ஜெராக்ஸில் விழாத வரி

வீடு இன்னும் விற்கவில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கரியமாணிக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு. தளம் போட்ட மூன்று அறை, நல்ல தண்ணீர் வரும் போர், பின்னால் ஒரு முருங்கை. ஐந்து மாதமாக விற்பனைக்குக் கிடக்கிறது. வந்தவர்கள் மூன்று பேர். முதல் ஆள் வாசலில் நின்று தெருக்குத்து என்றான். இரண்டாவது ஆள் கொல்லை வரைக்கும் நடந்து பார்த்து, மோர் வாங்கிக் குடித்து, முருங்கைக்காய் பறித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் யோசிக்கிறான்.

விற்றே ஆக வேண்டும். என் பெண்டாட்டி செல்லக்கண்ணுவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி பிள்ளையார்குப்பம் பெரிய ஆசுபத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். போன திங்கட்கிழமை திரும்பி வரும்போது பாகூரில் பஸ் மாற இறங்கினவள் அப்படியே மடிந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பழக்கடைக்காரி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

ஆசுபத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்குக் கேட்டோம். இந்த வியாதி என்றதும் நான்கு வீட்டில் இல்லை என்றார்கள். ஒரே ஒரு வீடு விலைக்கு வந்தது. ஆசுபத்திரி கேட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அதன் சொந்தக்காரர் அரிகரன் நல்ல மனிதர்தான், ஆனாலும் ஒரு கெடு வைத்தார்.

"சனிக்கெழம வரைக்கும் பொறுக்கறன் பெரியவரே. அதுக்குள்ள ஒங்க வூட்டுக்கு ஆள் ஆவலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவன்."

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் எழுந்ததும் மருமகள் லில்லி வாசல் கழுவிக் கோலம் போட்டாள். என் மகன் ஆண்டனி குவைத்தில் இருக்கிறான். இங்கே எல்லாம் லில்லிதான். வீட்டைப் போட்டோ பிடித்துப் போனில் போட்டது அவள். வெளிச்சுவருக்குச் சந்தன நிறம் அடிக்க வைத்தது அவள். பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்ததும் அவள்தான். நான் அவளைக்கூடச் சந்தேகப்பட்டேன். வீட்டை விற்கவிடாமல் செய்து தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாளோ என்று ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டேன். வருகிறவர்களைத் தெருமுனையில் மடக்கி ஏதோ ஓதி அனுப்புகிறானோ என்று நான்கு நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவன் பல் விளக்கினானே தவிர ஒன்றும் செய்யவில்லை.

இருபத்தெட்டு வருடம் மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவன் நான். வெளியே போகிற ஒவ்வொருவனின் சாப்பாட்டுத் தூக்கையும் திறந்து பார்த்த கை இது. மூடி வைத்திருக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

"மாமா, பத்து மணிக்குப் புரோக்கர் தங்கராசு அண்ணன் ஆள் கூட்டிக்கினு வராரு" என்றாள் லில்லி. "நெட்டப்பாக்கம் ஸ்கூல் டீச்சராம். தயவுசெஞ்சு இந்த வாட்டி அவங்கள விசாரண பண்ணாதீங்க."

"நான் இன்னா விசாரண பண்ணன்?"

"போன வாட்டி வந்தவர ஆதார் கார்ட காட்டச் சொன்னீங்க."

"காட்டனா இன்னா? வூட்டுக்குள்ள வர்றவன் யாருன்னு தெரிய வாணாமா?"

லில்லி மாமியார் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினாள். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைப்பு வந்தது. ஆள் வரும்போதெல்லாம் செல்லக்கண்ணுவைப் பின்பக்கமாக அழைத்துப்போய் நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் உட்கார வைத்துவிடுவோம். நோயாளி இருக்கிற வீடு ராசியில்லாத வீடு என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்களாம். சொன்னது தங்கராசு. மாத்திரை டப்பா, எடை மெஷின், தண்ணீர் அளக்கும் டம்ளர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம்.

"அத்த, எழுந்திரிங்க. அந்தாண்ட வூட்டுல செத்த நேரம் உக்காரலாம்."

"நான் போவல" என்றாள் செல்லக்கண்ணு.

"பத்து நிமிஷம்தான் அத்த."

"அஞ்சு மாசமா என்ன ஒளிச்சி ஒளிச்சி வெச்சீங்களே, வித்துதா? நான் இன்னா திருட்டுச் சாமானா? எங்க ஒக்காரணுமோ அங்க ஒக்காருவன்."

கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாகப் புடைத்த இடது கையை மடியில் எல்லாரும் பார்க்க வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீ சட்ட போட்டுக்கினு வா" என்றாள். போட்டுக்கொண்டேன்.

பத்தே காலுக்கு டீச்சர் வந்தார். பெயர் இளவரசி. நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தங்கராசு வெற்றிலை மென்றுகொண்டு வந்தான்.

"பாருங்க டீச்சர், வடக்கு பாத்த வாசல். காத்து எப்டி வருது பாருங்க" என்றான். காத்து ஒன்றும் வரவில்லை.

டீச்சர் விவரமானவர். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார். மாடிக்கு ஏறித் தளத்தைத் தட்டிப் பார்த்தார். கக்கூஸ் தொட்டி எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றெல்லாம் கேட்டார். இங்கிருந்து பள்ளிக்கூடம் போக எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். முகத்தில் பிடித்துப்போன களை தெரிந்தது. பிடித்துப்போன முகத்தை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது.

பிறகு முன்னறையில் உட்கார்ந்து, "பத்திரம் ஜெராக்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்.

லில்லி கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கம் படித்தார். இரண்டாவது பக்கம் படித்தார். அங்கே நின்றார். மூன்றாவது பக்கத்தைப் புரட்டிவிட்டு மறுபடி இரண்டாவது பக்கத்துக்கு வந்தார். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி லில்லியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வூடு நல்லா இருக்குங்க. வீட்டுல கலந்துட்டு, யோசிச்சிச் சொல்றேன்."

அதே வார்த்தை.

தங்கராசு வெற்றிலையைத் துப்ப வெளியே போனான். லில்லியின் முகம் செத்துப்போனது. டீச்சர் ஹெல்மெட்டை எடுத்தார்.

"எம்மா, செத்த நில்லு" என்றாள் செல்லக்கண்ணு.

டீச்சர் நின்றார்.

"வாரம் மூணு நாளு மெஷின்ல கெடக்கறன். திங்கக்கெழம நடுரோட்டுல வுழுந்துட்டன். இந்த வூட்ட வித்தாதான் ஆசுபத்திரி பக்கத்துல போவ முடியும். நீ வாங்கு வாங்காத, அது ஒன் இஷ்டம். வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, ஏன் ஓடறாங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போ. நான் கோவிச்சிக்க மாட்டன். என்னப் பாத்து பயந்தியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா." டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "சொன்னா ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க" என்றேன்.

லில்லியின் கையிலிருந்து ஜெராக்ஸை வாங்கி மடியில் விரித்தார். "இதோ, சர்வே நம்பர் வர்ற எடம். வெள்ளையா இருக்கு. இதோ, நாலு பக்கத்து எல்ல வர்ற எடம். இதுவும் வெள்ள. அடுத்த பக்கத்துல இன்னொரு வரி, அதையும் காணும். நம்பர் இல்லாம நான் எப்படி வில்லங்கம் போட்டுப் பாக்கறது? எந்த எடத்த வாங்கறேன்னு வக்கீலு கேட்டா இன்னா சொல்றது? இப்ப இருக்கற காலத்துல, போலிப் பத்திரம்னுதான நெனப்பாங்க?"

லில்லி எட்டிப் பார்த்தாள். "அது மெஷின்ல சரியா வுழலன்னு நெனச்சன் டீச்சர். பழைய பத்திரம்ல, மசி போயிருக்கும்னு…"

"மசி போனா எழுத்து மங்கும்மா. இப்படிப் பட்டையா, ஸ்கேல் வெச்ச மாதிரி வெள்ளையா போவாது. யாரோ மேல தாள் வெச்சி எடுத்திருக்காங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மில்லில் என்னோடு வேலை செய்த ஒருவன், லோன் வாங்க என்று யாரிடமோ பத்திர ஜெராக்ஸைக் கொடுத்தான். அதை வைத்தே வேறு பத்திரம் தயார் செய்து அவன் மனையை எவனோ விற்றுவிட்டான். சாகும்வரை கோர்ட்டுக்கு நடந்தான். அதைப் பார்த்தவன் நான். அதனால் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது தேதி காலண்டர் தாளைப் பட்டை பட்டையாகக் கத்தரித்து எடுத்துப் போனேன். கடைக்காரியை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். முக்கியமான வரிகள் மேல் தாளை ஒட்டி, நானே மெஷின் மூடியை அழுத்தினேன். விற்கிறவனுக்கு வீடு தெரியும், வாங்குகிறவன் வந்து கண்ணால் பார்க்கிறான், நம்பர் எதற்கு என்று நினைத்தேன்.

"திருடனுக்காகத்தான் மறச்சன்" என்றேன்.

"திருடன் வரல. வாங்க வந்தவங்கதான் ஓடிட்டாங்க" என்றாள் செல்லக்கண்ணு.

வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த தங்கராசுவைப் பிடித்தேன். "டேய், ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"பத்திரத்த எங்கியோ அடமானம் வெச்சிட்டு மறைக்கறன்னு நெனச்சன்ணே. கேட்டா நீ செருப்ப எடுப்ப. ஒங்கிட்ட யாருண்ணே கேப்பா?"

லில்லி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு மாசம் மாமா. தெருக்குத்துக்குப் பிள்ளையார் வெக்கலாமான்னு ரோசன பண்ணன். கிறிஸ்தவ வூட்டுல பிள்ளையார் வெக்க நான் ரோசன பண்ணன் மாமா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஒரிஜினல் கையில இருந்தா இப்பவே காட்டுங்க ஐயா. எனக்கு வூடு புடிச்சிருக்கு. எல்லாம் சரியா இருந்தா நாளைக்கே வக்கீலக் கூட்டி வந்து அட்வான்ஸ் குடுத்துடறேன்."

நாளைக்கு வெள்ளி. சனிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னால்.

நான் எழுந்திருக்கவில்லை.

"எங்க வெச்சிருக்க?" என்றாள் செல்லக்கண்ணு.

"இருக்குது."

"இருந்தா எடு."

"சாயங்காலம் எடுத்துத் தரன். டீச்சருக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது."

"இன்னிக்கு லீவு போட்டுட்டுதான் வந்தேன்" என்றார் டீச்சர்.

செல்லக்கண்ணு என்னையே பார்த்தாள். நாற்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கொல்லைக்குப் போனேன்.

குளிக்கிற இடத்துக் கூரைக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றில்தான் பத்திரம். இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பசை வைத்து ஒட்டியது. அறுக்காமல் எடுக்க முடியாது. எப்போது எடுத்தாலும் ஒரு முனையை அறுப்பேன், வேறு மூடி ஒட்டுவேன். முழங்கால் உயரம் இருந்த குழாய் இப்போது ஒன்றரை சாண்.

முன்னறைக்குக் கொண்டுவந்து ரம்பத்தால் அறுத்தேன். வெள்ளைத் தூள் சிமெண்டுத் தரையில் கொட்டியது. மெதுவாகத்தான் அறுத்தேன். வயது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

லில்லி சுருளை விரித்துச் சத்தமாகப் படித்தாள். என் அப்பா செபஸ்தியான் சாவதற்கு மூன்று மாதம் முன்பு பத்திர ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. சர்வே நம்பர் படித்தாள், டீச்சர் குறித்துக்கொண்டார். நான்கு எல்லை படித்தாள், அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த பக்கம் திருப்பினாள்.

"மேற்படி மனையில் கிழக்குப் பாதி…" என்று தொடங்கி நிறுத்தினாள்.

"படி" என்றாள் செல்லக்கண்ணு.

"மாமா…"

"அவர ஏன் கேக்கற? நான் படிங்கறன்."

"மேற்படி மனையில் கிழக்குப் பாதி என் மகள் ரோசம்மாளுக்கும் அவள் வாரிசுகளுக்கும் பாத்தியப்பட்டது."

தங்கராசு மெதுவாக வெளியே போய்விட்டான். புத்திசாலி.

ரோசம்மாள் என் தங்கை. ஏம்பலத்தில் இருக்கிறாள். அப்பா பேச்சைக் கேட்காமல் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனவள். ஐந்து வருடம் அப்பா அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தில் சொல்லிவிட்டார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. கூட இருந்து மலம் மூத்திரம் எடுத்தது நான். இருந்தது ஓலை வீடு. அதை இடித்துத் தளம் போட்டது நான், மில் கேட்டில் ராத்திரி ஷிப்ட் நின்று. அவளுக்குப் பாதியா?

இந்தத் தொடரில் இதுவரை இதை நான் சொல்லவில்லை. போன வாரமும் சொல்லவில்லை. இரண்டு பட்டை திருடனுக்காக ஒட்டினேன். மூன்றாவது பட்டை ரோசம்மாளுக்காக.

டீச்சர் மெதுவாகப் பேனாவை மூடினார். "அப்ப அவங்களும் கையெழுத்துப் போடணும் ஐயா. அவங்க வந்து போட்டா எனக்கு ஒரு தடையும் இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்." செல்லக்கண்ணுவின் புடைத்த கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை செல்லக்கண்ணு காத்திருந்தாள்.

"ஒங்கப்பா செத்து முப்பதாம் நாள் பூச முடிஞ்சி ரோசம்மா இதே எடத்துல நின்னு கேட்டா. அப்பா ஏதாச்சும் எழுதி வெச்சாராண்ணேன்னு. நீ இல்லன்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்குது."

"அவ என்னத் திரும்பிப் பாத்தா. அண்ணி, நெசமான்னு கேட்டா. நான் இன்னா சொன்னன்?"

தரையில் கிடந்த குழாய்த் தூளைக் காலால் ஒதுக்கினேன்.

"ஆமாண்டி, ஒண்ணும் இல்லன்னு சொன்னன். ஒன்ன நம்பிச் சொன்னன். என்னயும் பொய்க்காரியா ஆக்கி வெச்சிட்டியே. முப்பது வருசமா நான் அவ மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னவளா இருந்திருக்கறன், எனக்கே தெரியாம." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பேசினாள். "கெழக்குப் பாதின்னா எது? அடுப்பங்கரையும் நான் படுக்கற ரூமும். அவ எடத்துலதான் நான் சீக்கா கெடந்திருக்கறன்."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"இன்னிக்கே ஏம்பலம் போ."

"நாளைக்கு ஒனக்கு மெஷினு. காலையில ஆறு மணி பஸ்ஸு. அத முடிச்சிக்கினு…"

"நீ அவளப் பாத்து உள்ளத சொல்லிட்டு வர்ற வரைக்கும் நான் மெஷினுல படுக்க மாட்டன்."

"பைத்தியமா ஒனக்கு? ஒரு நாள் தவறுனா இன்னா ஆவும்னு டாக்டரு சொன்னாரே?"

"சொன்னாரு. எனக்கும் காது இருக்குது."

லில்லி அழுதாள். "அத்த, அப்டிப் பேசாதீங்க அத்த." செல்லக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் என்னைவிட ஒரு படி மேலே.

மதியம் நான் சாப்பிடவில்லை. நான்கு மணிக்குப் பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம்தான். வயலும் கரும்பும் கடந்து போனதே தெரியவில்லை. அவள் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்து மாட்டேன் என்றால்? சனிக்கிழமை போய்விட்டால்? வீட்டில் செல்லக்கண்ணு சொன்னபடியே நாளைக்கு மெஷினில் படுக்காமல் இருந்துவிட்டால்? பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் இடம் நகர்ந்து உட்கார்ந்தான். வாய்விட்டுப் பேசியிருப்பேன் போல.

ரோசம்மாள் வீடு தெருவின் கடைசி. போனதில்லை. விசாரித்துத்தான் போனேன். தங்கை வீட்டுக்கு வழி விசாரித்தேன்.

வாசலில் மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்தாள். குனிந்து கிளறிக்கொண்டிருந்தவள் நிழலைப் பார்த்து நிமிர்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பாவின் மூக்கு. அப்பாவின் அதே வெறித்த பார்வை. வா என்று சொல்லவில்லை. கேட்டின் குறுக்கே வந்து நின்றாள்.

"ரோசம்மா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கை தானாகச் சட்டைக்குள் போனது.

"சட்டைக்குள்ள இன்னா வெச்சிருக்க?"

இருபத்தெட்டு வருடம் நான் பிறரைக் கேட்ட கேள்வி. கேட்டுக்கு உள்பக்கம் அவள் நின்றாள். வெளிப்பக்கம் நான்.

எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுருளை ஒரு பார்வை பார்த்தாள். திகைப்பே இல்லை அந்த முகத்தில்.

"அப்பா எழுதுனதா?" என்றாள். "இத எடுத்துக்கினு வர ஒனக்கு முப்பது வருசம் ஆச்சாண்ணே?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்ங்கறது அப்புறம். என் கண்ணாடி உள்ள இருக்குது, எடுக்கப் போவ மாட்டன்." கேட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "அந்த வரிய நீ படி. தெருவுக்குக் கேக்கற மாதிரி படி."

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எதிர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருளை விரித்து, அந்த வரி மேல் விரலை வைத்தேன்.

"மேற்… மேற்படி மனையில்…"

"கேக்கல" என்றாள் ரோசம்மாள்.